விட்டிக் மேனர்: வார்னிஷ் பணத்தில் எழுந்த டியூடர் வீடு

நுவரெலியாவில் வெள்ளைச் சுவர்மேல் கருப்பு மரச்சட்டம் ஓடும் கட்டடங்களைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "இதை டியூடர் பாணி என்கிறார்கள். அப்படியென்றால் இங்கிலாந்தில் இந்த மாதிரி வீடெல்லாம் 500 வருடப் பழசா? ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றையும் கட்டுமானத்தையும் சொல்ல முடியுமா?"

முதல் பாதிக்குப் பதில் சுலபம்: பெரும்பாலும் இல்லை. டியூடர் வம்சம் இங்கிலாந்தை ஆண்டது 1485 முதல் 1603 வரை, ஏழாம் ஹென்றியில் தொடங்கி முதலாம் எலிசபெத் வரை. அந்தக் காலத்து மர வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. ஆனால் 'டியூடர் பாணி' என்று இன்று சொல்லப்படும் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை விக்டோரியா ராணி காலத்திலும் அதற்குப் பிறகும் கட்டியவை. ஆட்சி முடிந்து 250 வருடம் கழித்து வந்த ஆசை அது. மலைநாட்டுத் துரைமார் நுவரெலியாவுக்குக் கொண்டுவந்ததும் அந்த விக்டோரியக் கால ஆசையைத்தான்.

இரண்டாம் பாதிக்கு நான் எடுத்துக்கொள்ளும் வீடு விட்டிக் மேனர். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வுல்வர்ஹாம்ப்டன் நகரின் மேற்கு விளிம்பில் இருக்கிறது. பெயிண்ட், வார்னிஷ் தயாரித்த மாண்டர் குடும்பத்துக்காக 1887-ல் கட்டத் தொடங்கி, 1893 வாக்கில் விரிவாக்கியது. இதைவிடப் பெரிய, ஆடம்பரமான டியூடர் பாணி மாளிகைகள் எத்தனையோ உண்டு. இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அப்பா 1880களில் உட்கார்ந்துகொண்டு 1580களை நினைத்து ஏங்கி வீடு கட்டினார். மகனும் மருமகளும் 1930களுக்குப் பிறகு அதே வீட்டில் இருந்துகொண்டு அப்பாவின் 1880களை நினைத்து ஏங்கி அதை நிரப்பினார்கள். இந்த இரண்டாவது அடுக்கைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே போனால், பார்ப்பதில் பாதியைத் தவறாகப் புரிந்துகொண்டு திரும்பி வருவோம்.

ஆனால் நகலைப் பற்றிப் பேசுமுன் அசலைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

அசலுக்கு நல்ல உதாரணம் செஷயர் மாவட்டத்தில், காங்கிள்டன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் லிட்டில் மோர்ட்டன் ஹால். மோர்ட்டன் என்ற நிலக்கிழார் குடும்பம் 1500களின் தொடக்கத்தில் கட்ட ஆரம்பித்து, தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டே போன வீடு. சுற்றிலும் அகழி. படத்தில் பார்த்தாலே தெரியும், ஒரு சுவர்கூட நேராக இல்லை.

ஏன் நேராக இல்லை என்பதில்தான் அந்தக் கட்டுமானத்தின் சூட்சுமமே இருக்கிறது. டியூடர் காலத் தச்சர்கள் ஓக் மரத்தை உலர்த்தாமல், பச்சையாகவே இழைத்தார்கள். நன்றாகக் காய்ந்த ஓக்கில் உளி இறங்குவது பெரும்பாடு. பச்சை மரம் இணங்கிக் கொடுக்கும். சட்டங்களைத் தச்சுக்கூடத்துத் தரையில் கிடத்தி, ஒன்றில் துளையும் மற்றொன்றில் கழுந்தும் வெட்டிப் பொருத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ரோமன் எண் போன்ற கீறல் அடையாளம் போடுவார்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, வண்டியில் ஏற்றி, மனையில் கொண்டுபோய் நிறுத்தி, மர முளை அடித்து இறுக்குவார்கள். முக்கியமான இணைப்புகளில் இரும்பு ஆணி கிடையாது. வீடு நின்ற பிறகு மரம் வருடக்கணக்கில் மெல்லக் காயும். காயும்போது சுருங்கும், முறுக்கும். இணைப்பு இறுகும், ஆனால் சட்டம் கோணும். இன்று நாம் 'ஆஹா' என்று படம் எடுக்கும் அந்தக் கோணல், தச்சன் தெரிந்தே விட்டுக்கொடுத்தது.

சட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளைக் கட்டம் பாரம் தாங்குவதில்லை. அது நம் ஊரிலும் ஈழத்திலும் இருந்த வரிச்சுச் சுவர்தான். குச்சிகளைப் பின்னி, மண்ணும் சாணமும் வைக்கோலும் கலந்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசிவிடுவார்கள். வீட்டைத் தாங்குவது முழுக்க முழுக்க மரச்சட்டகம். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பிற்பாடு அசலையும் போலியையும் பிரிக்க உதவும்.

மேல்மாடி கீழ்மாடியைவிட ஓர் அடி, ஒன்றரை அடி வெளியே துருத்திக்கொண்டு நிற்பதும் இந்த வீடுகளின் அடையாளம். அதற்குப் பல காரணம் சொல்வார்கள். மேலே இடம் கூடுகிறது. தளத்து உத்திரங்களின் நுனியில் சுவரின் பாரம் உட்கார்வதால் நடுவில் தொய்வது குறைகிறது. பார்க்கவும் செல்வாக்காக இருக்கிறது. என்னைக் கேட்டால் மூன்றாவது காரணத்துக்குத்தான் அதிக மதிப்பெண். நாட்டுப்புறத்தில், ஏக்கர் கணக்கில் நிலம் கிடக்கும் இடத்தில், இடம் போதவில்லை என்றா மாடியைத் துருத்துவார்கள்?

கண்ணாடிக்கும் அந்தஸ்துக்கும் நெருக்கம் அதிகம். அன்று பெரிய கண்ணாடிப் பலகை செய்ய முடியாது. அதனால் சின்னச் சின்னச் சாய்சதுரத் துண்டுகளை ஈயப் பட்டையில் கோத்து ஜன்னலாக்கினார்கள். விலை அதிகம் என்பதால், வீடு மாறும்போது ஜன்னலையும் கழற்றி எடுத்துப் போகிற வழக்கம்கூட இருந்தது. லிட்டில் மோர்ட்டனின் முற்றத்தில் இரண்டு பெரிய ஜன்னல்கள் வெளியே புடைத்துக்கொண்டு நிற்கும். அவற்றின் மேலே மரத்தில் செதுக்கியிருக்கும் செய்தி: இந்த ஜன்னல்களை வில்லியம் மோர்ட்டன் 1559-ஆம் ஆண்டில் செய்வித்தார், ரிச்சர்ட் டேல் என்ற தச்சன் கடவுள் அருளால் இவற்றைச் செய்தான். முதலாளி பெயருக்குப் பக்கத்திலேயே தச்சனும் தன் பெயரைச் செதுக்கிக்கொண்டான் பாருங்கள். எழுத்துப்பிழையோடு இருக்கும் அந்த வரி எனக்கு அந்த வீட்டிலேயே மிகப் பிடித்த இடம்.

அதே வீட்டின் உச்சியில் 20 மீட்டருக்கு மேல் நீளும் கூடம் ஒன்று உண்டு. மழை, குளிர் நாளில் வீட்டுக்குள்ளேயே நடைபழகுவதற்கு. அந்தக் காலத்தில் பணக்கார வீடுகளில் இது புதிய மோஸ்தர். மோர்ட்டன் குடும்பம் அதை ஏற்கெனவே நின்ற கட்டடத்தின் தலையில் பிற்பாடு ஏற்றியது, போதாதற்குக் கனமான கற்பலகைக் கூரை வேறு. அந்தப் பாரத்தில் கீழ்த்தளச் சட்டங்கள் வளைந்து, வீடு இன்று நிற்கும் கோலத்துக்கு வந்து சேர்ந்தது.

அப்புறம் அந்தக் கருப்பு வெள்ளை. பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும், டியூடர் மக்கள் ஓக்குக்குக் கருப்பு அடிப்பதை வழக்கமாக வைத்திருக்கவில்லை. மரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள்; அது வெயில் மழையில் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறும். சுவர்க் கட்டங்களுக்குக் காவி, மஞ்சள் கலந்த சுண்ணாம்புக் கூழும் பூசியதுண்டு. கீல் போட்டுக் கரிக்கருப்பாக்கி, பளீர் வெள்ளையோடு நிறுத்தியது பெரும்பாலும் விக்டோரியக் காலத்து ரசனை. பழைய வீடுகளையே அப்படி மாற்றிவிட்டார்கள். ஆக, நுவரெலியாவில் நம் கண்ணில் முதலில் படுகிற அம்சம்தான் இந்தப் பாணியில் மிகவும் பிந்தி வந்தது.

சரி, 250 வருடம் கழித்து ஏன் இந்த ஆசை?

1800களின் நடுவில் இங்கிலாந்தின் நடுப்பகுதியும் வடக்கும் புகைபோக்கிக் காடாகிவிட்டன. வுல்வர்ஹாம்ப்டன் இருக்கும் வட்டாரத்துக்கே நிலக்கரியால் 'கருப்பு நாடு' என்று பெயர். தொழிலில் பணம் பார்த்த புதுப் பணக்காரர்கள் ஆலையிலிருந்து சில மைல் தள்ளி, காற்று நன்றாக வரும் மேட்டில் வீடு கட்டினார்கள். அந்த வீட்டுக்கு என்ன முகம் கொடுப்பது? கிரேக்கத் தூண் வைத்த வெள்ளை மாளிகை பழைய பிரபுக்களின் பாணி. கோதிக் கூரிய வளைவு தேவாலயத்தை ஞாபகப்படுத்தும். மரச்சட்டமும் செங்கல் புகைபோக்கியும் 'நாங்கள் இந்த மண்ணில் பல தலைமுறையாக இருக்கிறோம்' என்று சொல்லாமல் சொல்லும். நேற்று வந்த பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சட்டை கிடையாது.

1860களின் கடைசியில் நார்மன் ஷா என்ற கட்டடக் கலைஞர் சஸெக்ஸில் லேஸ்வுட் என்ற வீட்டைக் கட்டி இந்தப் பாணிக்கு மவுசு ஏற்றினார். பீரங்கி செய்த ஆம்ஸ்ட்ராங்குக்கு நார்தம்பர்லாந்தில் அவர் விரித்துக் கட்டிய கிராக்சைட் இன்னொன்று. நீர்மின்சாரத்தில் விளக்கெரிந்த முதல் வீடு அதுதான் என்பதால் அதற்குத் தனிப் புகழ். செஸ்டர் நகரத்தில் ஜான் டக்ளஸ் போன்றவர்கள் கடைத்தெருவையே மரச்சட்டக முகப்பால் நிரப்பினார்கள். இன்று செஸ்டர் போய் 'எவ்வளவு பழைய ஊர்' என்று வாய்பிளப்பவர்கள் பார்ப்பதில் பெரும்பகுதி விக்டோரியக் கட்டடம். அந்த டக்ளஸிடம் தொழில் கற்றவர் எட்வர்ட் ஓல்ட். விட்டிக் மேனரைக் கட்டியவர் அவரே.

கட்டச் சொன்னவர் தியோடர் மாண்டர். 1853-ல் பிறந்தவர். மாண்டர் குடும்பத் தொழில் 1770களில், தகரத் தட்டு, பெட்டிகளுக்குக் கருப்பு மெருகு போடும் பட்டறையாகத் தொடங்கியது. சீன, ஜப்பானிய அரக்குப் பாத்திரங்களைப் பார்த்து இங்கிலாந்தில் செய்த போலிகள் அவை. போலி என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். வுல்வர்ஹாம்ப்டன் தட்டுக்கு நல்ல பெயர் இருந்தது. அதிலிருந்து வார்னிஷ், பெயிண்ட், அச்சு மை என்று வளர்ந்து, தியோடர் தலையெடுக்கும்போது மாண்டர் பிரதர்ஸ் பெரிய நிறுவனமாகிவிட்டது. குடும்பம் அரசுத் திருச்சபையைச் சேராத கட்டுப்பாடான கிறிஸ்தவக் குடும்பம். தியோடரும், தொழிலில் கூட்டாளியான அவருடைய பெரியப்பா மகன் சார்லஸ் டெர்ஷியஸும், கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த பெயின்ட் என்ற குடும்பத்தில் அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டார்கள். வார்னிஷ்காரர் வீட்டுக்குப் பெயின்ட் வீட்டு மருமகள்கள்! தியோடரின் மனைவி பெயர் ஃப்ளோரா.

1884-ல் வுல்வர்ஹாம்ப்டனுக்கு எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் வந்து வீட்டு அழகைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். தியோடர் அதற்குப் போய்க் குறிப்பெடுத்துக்கொண்டார். மூன்று வருடத்தில் விட்டிக்கில் நிலம் வாங்கினார். அந்த நிலத்தில் பழைய மேனர் வீடு, அதாவது நிலக்கிழார் வீடு, ஒன்று ஏற்கெனவே நின்றது. புதிதாகப் 'பழைய' வீடு கட்ட வந்தவர், நிஜமாகவே பழசான வீட்டைத் துணைக் கட்டடமாக ஓரத்தில் வைத்துக்கொண்டார். அதில் வாழ அவருக்கு விருப்பமில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பழமையை விரும்புகிறவர்கள் பழைய வீட்டின் ஓதத்தையும் தாழ்ந்த உத்திரத்தையும் சேர்த்து விரும்புவது அபூர்வம்.

வீடு இரண்டு தவணையில் எழுந்தது. ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிவது இதன் பெரிய வசதி. 1887-ல் தொடங்கிய மேற்குப் பகுதி அடக்கமானது. பளீர்ச் சிவப்புச் செங்கல், மேலே ஓடு, ஆங்காங்கே மரச்சட்டம். நல்ல விக்டோரியப் புறநகர் வீடு, டியூடர் வாசனை கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். ஐந்தாறு வருடத்தில் பிள்ளைகளும் விருந்தாளிகளும் பெருக, 1892-93-ல் கிழக்கே ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். அதற்குள் ஓல்டின் கை தேறிவிட்டது. செஷயர், ஷ்ராப்ஷயர் மாவட்டங்களின் பழைய மர வீடுகளை அவர் ஊன்றிப் படித்தவர்; பிற்பாடு அவற்றைப் பற்றிப் புத்தகமே எழுதினார். கிழக்குப் பகுதியில் அந்தப் படிப்பு தெரிகிறது. கீழே கல், மேலே நெருக்கமான ஓக் சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவே வளைவும் கோடுமாகக் கோலம், செதுக்கிய கூரை விளிம்புப் பலகைகள், திருகு திருகாக ஏறும் செங்கல் புகைபோக்கிகள். லிட்டில் மோர்ட்டனைப் பார்த்த கண்ணுக்கு எங்கிருந்து எதை எடுத்தார் என்று புரியும். ஒரு வித்தியாசம்: இங்கே எல்லாம் நேராக நிற்கிறது.

உள்ளே போனால் பார்க்க வேண்டிய இடம் 1893 பகுதியின் பெரிய கூடம். 'கிரேட் பார்லர்' என்று பெயர். இரண்டு மாடி உயரம். மேலே திறந்த மரக் கூரை, அதில் வண்ண வேலைப்பாடு. ஒரு முனையில் பாட்டுக்காரர்கள் உட்கார மாடம். சுவரில் பெரிய கணப்பு, அதன் இரண்டு பக்கமும் உள்ளடங்கிய இருக்கைகள். சுவரின் மேல்பகுதி நெடுகச் சுண்ணச் சாந்தில் புடைப்பாக வடித்து வண்ணம் தீட்டிய பட்டை ஓடுகிறது. ஆர்ஃபியூஸ் இசைக்க விலங்குகள் மயங்கிக் கேட்கும் கிரேக்கக் கதை அது. செய்தவர் கண்ணாடி ஓவியங்களுக்குப் பெயர் போன சார்லஸ் கெம்ப். வீட்டின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் அவர் கைவண்ணம்.

இந்தக் கூடத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நடுவில் நெருப்பு மூட்டி, கூரை வரை திறந்து கிடக்க, எஜமானும் வேலையாட்களும் சேர்ந்து சாப்பிட்ட பெருங்கூடம் இடைக்காலத்து வழக்கம். டியூடர் காலத்திலேயே அது மெல்லக் கழிந்துகொண்டிருந்தது. புகைபோக்கி பரவலாக வந்ததும் கூடத்துக்குக் குறுக்கே தளம் போட்டு மாடி அறை எடுத்துக்கொண்டார்கள், குடும்பம் தனி அறைகளுக்கு ஒதுங்கியது. அதாவது 1580-ல் வசதியான ஒரு டியூடர் குடும்பம் எதைப் பழசு என்று தள்ளத் தொடங்கியதோ, அதை 1893-ல் தியோடர் டியூடர் அழகு என்று ஆசையாகக் கட்டிக்கொண்டார். அவர் வேலையாட்களோடு சேர்ந்து அங்கே சாப்பிடவும் இல்லை. விருந்தினர் கூடிப் பேச, பாட்டுக் கேட்க, தேநீர் குடிக்க வைத்துக்கொண்ட இடம். பக்கத்திலேயே பில்லியர்ட்ஸ் அறை. டியூடர் வீடுகளில் அப்படி ஓர் அறை வழக்கமில்லை.

வசதி விஷயத்தில் தியோடர் துளியும் ஏங்கவில்லை. மின்விளக்கு, குழாய் வழியே வெப்பமூட்டும் ஏற்பாடு, நீராவிக் குளியலுக்குத் துருக்கிக் குளியலறை எல்லாம் உண்டு. மின்விளக்கின் செம்பு, பித்தளைத் தாங்கிகளை பென்சன் என்ற அன்றைய முன்னணி வடிவமைப்பாளரிடம் வாங்கினார்கள். அவற்றை மெழுகுவர்த்தி மாதிரி ஒளித்து வைக்கவில்லை, விளக்கு விளக்காகவே தொங்குகிறது. இந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது. இன்று பழைய பாணியில் கட்டுகிறவர்கள் ஏசியை மறைக்கப் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

வில்லியம் மாரிஸ் பெயரைச் சொல்லாமல் இந்த வீட்டைச் சொல்ல முடியாது. ஆலைப் பொருள் உழைப்பாளியையும் கெடுக்கிறது, வாங்குபவன் ரசனையையும் கெடுக்கிறது என்று முழங்கிய சோஷலிஸ்ட் வடிவமைப்பாளர் அவர். அவருடைய கம்பெனி கையால் அச்சிட்ட சுவர்த்தாள்களும் நெய்த திரைகளும் விட்டிக்கின் சுவரெங்கும் இருக்கின்றன. படுக்கையறைகள் சிலவற்றுக்கு அந்த வடிவங்களின் பெயர்களே: ஹனிசக்கிள் அறை, அகாந்தஸ் அறை. வரவேற்பறைச் சுவரில் காகிதம்கூட இல்லை, புறாவும் ரோஜாவும் நெய்த பட்டும் கம்பளியும் கலந்த துணி. கணப்பில் மட்பாண்டக் கலைஞர் வில்லியம் டி மார்கனின் பதிகற்கள். மாரிஸ் இங்கே வந்து பார்த்துப் பார்த்து அலங்கரித்தார் என்று நினைத்துவிட வேண்டாம். தியோடரும் ஃப்ளோராவும் கடையில் என்ன இருந்ததோ அதைத் தேர்ந்தெடுத்து வாங்கினார்கள். ஆலையை வெறுத்தவரின் சரக்கை ஆலை முதலாளிதான் காசு கொடுத்து வாங்க முடிந்தது. மாரிஸுக்கே தன் வாடிக்கையாளர்களைப் பற்றி இந்த எரிச்சல் இருந்தது.

இத்தனை ஆசையாகக் கட்டிய வீட்டில் தியோடர் வாழ்ந்தது கொஞ்ச காலம். வுல்வர்ஹாம்ப்டன் மேயராக இருந்தபோதே, 1900-ல், 47 வயதில் இறந்துபோனார். ஃப்ளோராவும் 1905-ல் போய்விட்டார். நான்கு பிள்ளைகள். அதில் இளையவர்கள் இருவரின் கதை நம் பக்கம் வருகிறது. லயனலும் ஆலனும் கூச் பிஹார் மகாராஜா நிருபேந்திர நாராயணனின் மகள்கள் இருவரை மணந்தார்கள். பிரதிவா, சுதிரா. இவர்களின் அம்மா சுனிதி தேவி, பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென்னின் மகள். 1910களில், வெள்ளைக்கார வார்னிஷ் குடும்பத்தில், வங்காளத்துச் சமஸ்தானத்திலிருந்து இரண்டு மருமகள்கள்! லயனல் பிற்பாடு மைல்ஸ் மாண்டர் என்ற பெயரில் ஹாலிவுட் நடிகரானார்.

வீடு மூத்த மகன் ஜெஃப்ரிக்கு வந்தது. 1882-ல் பிறந்தவர், லிபரல் கட்சிக்காரர், 1929 முதல் 1945 வரை கிழக்கு வுல்வர்ஹாம்ப்டனின் எம்.பி. ஹிட்லரைத் தட்டிக்கொடுத்துச் சமாளிக்கலாம் என்ற கொள்கையை 1930களில் நாடாளுமன்றத்தில் விடாமல் எதிர்த்தவர்களில் ஒருவர். முதலாளியாகவும் வித்தியாசமானவர். 1931-ல் தொழிற்சங்கத் தலைவர் எர்னஸ்ட் பெவினோடு ஒப்பந்தம் போட்டு, மாண்டர் ஆலையில் வாரத்துக்கு 40 மணி நேர வேலையைக் கொண்டுவந்தார். பிரிட்டனில் அதை முதலில் செய்த நிறுவனம் அதுதான்.

1937-ல் ஜெஃப்ரி வீட்டை, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிக்கொடுத்தார். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வீட்டுக்கு அப்போது வயது 50. விக்டோரியக் காலத்து எதுவும் அன்று கேலிப்பொருள். கனத்த திரை, இருண்ட மரம், பூப்போட்ட சுவர் என்றால் முகம் சுளித்தார்கள். மாரிஸ் சுவர்த்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வெள்ளையடித்த வீடுகள் ஏராளம். அந்த நேரத்தில் 50 வருட வீட்டை நாட்டின் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொள்ள வைத்தார். அந்த ஆண்டுதான், பராமரிப்புப் பணத்தோடு வீட்டைக் கொடுத்துவிட்டுக் குடும்பம் அதிலேயே தொடர்ந்து வசிக்க வழிசெய்யும் திட்டத்துக்குச் சட்டம் வந்திருந்தது. மாண்டர்கள் முதலில் பயன்படுத்திக்கொண்டவர்களில் அடக்கம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் மேலே சொன்ன இரண்டாவது அடுக்கு. ஜெஃப்ரியின் இரண்டாவது மனைவி ரோசலி கிளின் கிரில்ஸ், வாழ்க்கை வரலாறு எழுதுகிற எழுத்தாளர். விக்டோரியக் கால ஓவியர் ரோசெட்டியின் வட்டத்துக் கலைஞர்கள்மேல் அவருக்குத் தீராத ஆர்வம். இருவரும் சேர்ந்து, யாரும் சீந்தாமல் மலிவாக விற்ற, ப்ரீ-ராஃபலைட் என்று பெயர் பெற்ற அந்த வட்டத்தின் ஓவியங்களையும் மாரிஸ் கம்பெனிப் பொருள்களையும் தேடித் தேடி வாங்கினார்கள். பெரிய கூடத்தில் தொங்கும் பர்ன்-ஜோன்ஸின் எண்ணெய் ஓவியம், ரோசெட்டி தொடங்கி ஃபோர்ட் மேடக்ஸ் பிரவுன் முடித்த, வில்லியம் மாரிஸின் மனைவி ஜேனின் உருவப்படம், கவிஞர் ஸ்வின்பர்னின் கட்டில் என்று வீடு நிறைந்தது. தியோடர் இவற்றில் பெரும்பாலானதைக் கண்ணால் கண்டதில்லை. 'அப்படியே விட்டுவைத்த விக்டோரிய வீடு' என்று நினைத்து உள்ளே நுழைகிறவர் பார்ப்பது, விக்டோரியக் காலத்தைக் காதலித்த இரண்டு பேர் பிற்பாடு சேர்த்த சேகரிப்பை. ஜெஃப்ரி 1962-ல் இறந்தார். ரோசலி 1988-ல் இறக்கும்வரை அந்த வீட்டோடு பிணைந்தே இருந்தார்.

இதை ஏமாற்று என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லிட்டில் மோர்ட்டன் கதையை எதிரே வைத்துப் பாருங்கள். 1640களின் உள்நாட்டுப் போரில் மோர்ட்டன் குடும்பம் தோற்ற ராஜா பக்கம் நின்று கடனாளியானது. பிறகு வீட்டைக் குத்தகை விவசாயிகளுக்கு விட்டார்கள். ஒரு காலத்தில் வீட்டுச் சிற்றாலயத்தில் நிலக்கரி கொட்டி வைத்தார்கள். அது மாறாமல் தப்பியதற்கு முக்கியக் காரணம், மாற்றக் கையில் காசில்லாததுதான். 1938-ல் அதுவும் நேஷனல் டிரஸ்டுக்குப் போனது, விட்டிக்குக்கு அடுத்த வருடம். வறுமை காப்பாற்றிய வீடு ஒன்று, பணமும் பிரியமும் சேர்ந்து உருவாக்கிய வீடு ஒன்று. எதில் வரலாறு அதிகம் என்று கேட்டால் என்னால் சட்டென்று சொல்ல முடியாது.

இதற்குப் பிந்தைய நகல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு உலகப் போர்களுக்கு இடையே பிரிட்டனில் சுமார் 40 லட்சம் வீடுகள் கட்டினார்கள். அதில் புறநகர் இரட்டை வீடுகள் பலவற்றின் முகப்பில் மெல்லிய பலகையை ஆணி அடித்து, கருப்பு பூசி, நடுவில் சாந்தடித்து டியூடராக்கிவிட்டார்கள். பின்னால் இருப்பது சாதாரணச் செங்கல் சுவர்; பலகையைப் பிடுங்கினாலும் வீடு அசையாது. நேர்மாறாக, லண்டனில் 1924-ல் கட்டிய லிபர்ட்டி கடையில் நிஜமான கனத்த மரம் இருக்கிறது. உடைத்த இரண்டு போர்க்கப்பல்களின் மரம். அதில் ஒரு கப்பலின் பெயர் ஹிந்துஸ்தான்.

கேட்டவர் இங்கிலாந்து போகும் யோசனையில் இருந்தால், லிட்டில் மோர்ட்டனை முதலிலும் விட்டிக்கை அடுத்தும் பாருங்கள். காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தூரம்தான். இரண்டிலும் தூணும் குறுக்குச் சட்டமும் சேரும் மூலையைக் கிட்டே போய்ப் பாருங்கள்: மர முளையின் தலை தெரிகிறதா, சட்டத்தின் கனம் எவ்வளவு, மேல்மாடியின் பாரம் எதன்மேல் இறங்குகிறது என்று. அடுத்த முறை நுவரெலியா போகும்போதும் இதே மூன்றைச் சோதித்தால், அந்தக் கருப்புச் சட்டம் வீட்டைத் தாங்குகிறதா, வீடு அதைத் தாங்குகிறதா என்பது யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும்.